அப்பாவுக்கு மூன்று, மாமாவுக்கு அரை

எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கத்தில் தொழிலாளர் லைன் வீடுகள் எல்லாமே அப்படித்தான். எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் அவர்கள் வீட்டில் இருமுவார்கள். மாமா என்றால் சொந்த மாமா இல்லை. அப்பாவோடு சேர்ந்து ஒரே மெஷினைப் பிடித்து, இருபது வருஷத்துக்கு மேல் பூமிக்கடியில் பாறையில் துளை போட்டவர். மைனில் அதை ஜோடி என்பார்கள். அப்பா அவரை மச்சான் என்பார். அவரும் அப்பாவை மச்சான் என்பார். அதனால் அவர் எனக்கு மாமா, அவர் சம்சாரம் அத்தை.

மாமா பெரிய ஆள். எங்கள் வீட்டுக்குள் வரும்போது தலையைக் குனிந்து, ஒரு தோளைச் சாய்த்து வருவார். கேழ்வரகுக் களி நாலு உருண்டை உள்ளே போனால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. அப்பா ஒல்லி. அவர் சட்டையைக் கொடியில் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் பையன் இருக்கிறானா என்று ஒரு வளையல்காரி அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். மெஷினின் பாரத்தைத் தோளில் வாங்குவது மாமா. முன்னால் நின்று, துளை கோணாமல் ராடு என்கிற கம்பியைப் பிடித்துக் கொடுப்பது அப்பா. முதல் நாளே அப்படி அமைந்துவிட்டது, அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மற்ற எல்லாவற்றிலும் சரிபாதி. ஒரே கேரியரில் சோறு போகும், கீழே பங்கு பிரிப்பார்கள். டீக்கடையில் பை-டூ சொல்லி ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்பார்கள். ஒருவர் லீவு போட்டால் மற்றவரும் போடுவார். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ரோஸ் நிற மிக்சர் கொடுத்தால், மாமாவும் அதில் பாதி குடிப்பார். காய்ச்சல் இல்லாதவர் ஏன் குடிக்க வேண்டும் என்று அத்தை கேட்டால், அவனுக்கு வந்தது எனக்கு வராமல் போகுமா என்பார். எங்களுக்கெல்லாம் அது சிரிப்பாகத்தான் இருந்தது. பின்னால் அதை நினைத்து வயிற்றில் அடித்துக்கொள்வோம் என்று அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பகல் ஷிப்டில் ஏர் பிளாஸ்ட் ஆனது. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மேலே எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அலமாரிப் பாத்திரங்கள் ஒருமுறை குலுங்கியதுதான். லைன் பெண்கள் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஷாப்ட் என்கிற சுரங்க வாய்ப் பக்கம் ஓடினோம். அப்பாவும் மாமாவும் சரிந்த கல்லுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போகும் காற்றுக் குழாயில் கல்லால் தட்டியிருக்கிறார்கள். அப்பா மூன்று தட்டு, பிறகு மாமா மூன்று தட்டு, மாற்றி மாற்றி. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் உயிர் இருக்கிறது என்று தெரிந்து கல்லை அகற்றினார்கள். மறுநாள் காலையில் இரண்டு பேரும் கேஜ் என்கிற கூண்டு லிப்டில் மேலே வந்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. அத்தை ஆரத்தி சுற்றினாள், அம்மா திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது, முடியவில்லை என்று. அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. சாப்பிட உட்காருவார், முதல் வாய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுவார். எதற்கு அழுகிறோம் என்று அவருக்கே தெரியாது. மாமா அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் ஸ்டூலைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவார், இருட்டும்வரை அப்படியே இருப்பார். களி ஓர் உருண்டையோடு நின்றது. சிக் லீவு வாரக்கணக்கில் நீண்டது. அம்மாவும் அத்தையும் போகாத கோயில் இல்லை; தர்காவில் கயிறு கட்டினார்கள், சர்ச்சில் எண்ணெய் வாங்கித் தடவினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் முதலில் வரும், அழுகை பிறகுதான். சாமியெல்லாம் போதும், டாக்டரிடம் போகலாம் என்று கத்தினேன்.

சனிக்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து ஒரு மனநல டாக்டரம்மா எங்கள் ஊர் கிளினிக்குக்கு வருவார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார். இவர்கள் இரண்டு பேரும் எழுந்து ஒன்றாகவே போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். தூக்கம் எப்படி என்று மாமாவைக் கேட்டால் அப்பா பதில் சொன்னார். பசி எடுக்கிறதா என்று அப்பாவைக் கேட்டால் மாமா தலையாட்டினார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, இவர்களில் யார் நோயாளி என்று என்னைக் கேட்டார். இரண்டு பேரும்தான் என்றேன். அந்த அறையில் சிரித்தது அவர் ஒருவர்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, சின்னது, மஞ்சள் நிறம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. மனச்சோர்வுக்கான மாத்திரை இது, முழுசாக வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும், பொறுமை வேண்டும் என்றார். வாய் உலர்ந்தாலோ, மயக்கமாக இருந்தாலோ, கை நடுங்கினாலோ என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். மாத்திரை வாங்கி வருவது என் வேலை. சாயந்திரம் இன்ஸ்டிடியூட் விட்டு வரும் வழியில் மெடிக்கலில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்குவேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது அப்பாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தண்ணீர் குடித்த மாதிரிதான் இருக்கிறது என்றார். டாக்டரம்மா இரண்டு மாத்திரையாக்கினார். மாமா நன்றாக இருப்பதாகச் சொன்னார். பேசுகிறாரே, அதுவே எங்களுக்குப் பெரிது. பகலெல்லாம் தூங்கி வழிந்ததையும், நாக்கு தேங்காய் நாராய் உலர்ந்து கிடந்ததையும், டீ கிளாஸைப் பிடித்தால் தளும்பியதையும் அவர் சொல்லவே இல்லை. அத்தை சொல்ல வாயெடுத்தாள். மாமா ஒரு பார்வை பார்த்தார். நாலு உருண்டை களி தின்கிற உடம்பை ஒரு துணுக்கு மாத்திரை சாய்த்துவிட்டது என்பதை ஒரு பெண்பிள்ளை டாக்டரிடம் போய்ச் சொல்வதா என்று அவருக்கு இருந்திருக்கிறது. இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

அடுத்த தடவை அப்பாவுக்கு மூன்றானது. அப்போதுதான் அவருக்குக் கொஞ்சம் கண் மூடியது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துவிட்டு நிமிர்ந்து, ஊறுகாய் இல்லையா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா ஊறுகாய் ஜாடியை எடுக்கப் போனவள் அங்கேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாமாவும் தேறியிருந்தார். ஸ்டூலை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுத்தார். என்னை டீச்சரம்மா, டீச்சரம்மா என்று கேலி செய்தார். அவருக்கு இன்னும் ஒன்றுதான்.

அந்த வாரம் மாமா என்னைக் கூப்பிட்டு, மாத்திரை அட்டை தண்ணீர் அண்டாவில் விழுந்துவிட்டது, இன்னொன்று வாங்கி வா என்றார். அண்டாவில் விழும்படி அதை எங்கே வைத்தீர்கள் என்று நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மறுநாள் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு பேசினேனே, நனைந்த அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் இதை எழுதும்போது என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடி உலர்த்திக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா யாரையோ அதட்டுவது கேட்டது. ராடை இழு, ராடை இழு என்று. அத்தை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரலே சரியில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் மாமா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார். முகம் செக்கச் சிவந்து, உடம்பு கொதிக்கிறது, வியர்வை ஒரு பொட்டு இல்லை. கண்மணி இரண்டும் அகன்று கறுப்பாக இருக்கின்றன. இல்லாத மெஷினைத் தோளில் தாங்கி, உடம்பு அதிர அதிரச் சுவரில் துளை போடுகிறார். அத்தையைத் தெரியவில்லை, என்னைத் தெரியவில்லை. அப்பா ஓடி வந்தார். அப்பாவை மட்டும் தெரிந்தது.

"மச்சான், புடி," என்றார் மாமா.

அப்பா மாமாவின் முன்னால் போய், இரண்டு கையையும் நீட்டி, இல்லாத ராடைப் பிடித்துக்கொண்டார். "புடிச்சினேன் மச்சான். இந்த ஓட்ட முடிஞ்சிச்சு. மெஷின எறக்கு. மேல போலாம் வா," என்றார். மாமா தோளிலிருந்து பாரத்தை இறக்கினார். அப்பா அவர் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, கேஜுக்குக் கூட்டிப் போகிற மாதிரி ஆட்டோவுக்குக் கூட்டிப் போனார். அந்த ஒல்லி உடம்பு அவ்வளவு பெரிய உடம்பைத் தாங்கியதை லைனே பார்த்தது.

ஆஸ்பத்திரியில் இதயம் தாறுமாறாக ஓடுகிறது என்றார்கள். நீர் பிரியவில்லை, குழாய் வைத்தார்கள். கையில் சலைன் ஏறும்போதும் அவர் விரல்கள் காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன. அத்தை தலையணை உறைக்குள் கண்டுபிடித்தாள்: தண்ணீரே படாத காலி அட்டைகள். எண்ணிப் பார்த்தால் தினமும் மூன்று போட்டிருக்கிறார். அட்டைகளைப் பார்த்ததும் அப்பா அப்படியே ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சனிக்கிழமையாக இல்லாததால் பெங்களூருக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா அங்கிருந்தே டூட்டி டாக்டரிடம் பேசினார்.

மூன்றாம் நாள் மாமாவுக்குத் தெளிந்தது. கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, டீச்சரம்மா இன்னும் தலை பின்னவில்லையா என்றார். நான் அவரைத் திட்டுவதற்காகவே மூன்று நாள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து, ஏன் மூன்று போட்டீர்கள் என்று கேட்டார். மாமா விட்டத்தைப் பார்த்தபடி சொன்னார், "அவன் மூணு முழுங்கறான். நான் ஒண்ணு முழுங்கிட்டு சும்மா குந்தினு இருந்தா, அவன் ஒருத்தன் தலையில பாரத்த ஏத்தினா மாதிரி இல்ல?"

டாக்டரம்மா அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொறுமையாக விளக்கினார். மாத்திரை உள்ளே போனால் ஈரல் அதை உடைத்து வெளியேற்ற வேண்டும். சிலர் உடம்பு சட்டென்று உடைத்துத் தள்ளிவிடும். அவர்களுக்கு ஒன்று போதாது. சிலர் உடம்பு நிதானமாகத்தான் உடைக்கும். நேற்றுப் போட்டது தீர்வதற்குள் இன்றையது வந்து சேரும், நாளையது வந்து சேரும், ஏறிக்கொண்டே போகும். ஆள் பெருத்தவரா சிறுத்தவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிறக்கும்போதே அப்படி அமைவது. மூஞ்சியைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சமாகக் கொடுத்து, நீங்கள் சொல்வதை வைத்துத்தான் எனக்குத் தெரியும், நீங்கள் மறைத்தால் எனக்குக் கண் இல்லை என்றார். மாமா குற்றம் செய்த மாணவன் கணக்காகப் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் போகட்டும், பிறகு அதே மாத்திரையில் அரை போடலாம், இவருக்கு அது நன்றாகத்தான் வேலை செய்தது, அளவுதான் தப்பு என்றார் டாக்டரம்மா. இதயத்துக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார். அத்தை பாக்குவெட்டியைக் கழுவித் துடைத்து, முதல் மாத்திரையை இரண்டாக நறுக்கி ஒரு பாதியை நீட்டினாள். மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கைக்குழந்தைக்குக் கொடுக்கிற அளவை எனக்குக் கொடுக்கிறாயா என்று கேட்டுவிட்டு, ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார்.

இந்தப் பக்கம் அப்பா இன்னும் மோசம். ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்த நாள் முதல் அவர் தன் மூன்று மாத்திரையையும் தொடவில்லை. நான் மூன்று போட்டதால்தானே அவன் போட்டான் என்றார். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நான் எத்தனை தரம் சொல்லியும் காதில் ஏறவில்லை. பத்து நாளில் பழைய அப்பா வந்துவிட்டார், சோற்றைப் பிசைந்து அழுகிற அப்பா. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பியது. நடுவில் ஒரு செங்கல் கனம்தான். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். ஒருவருக்காக ஒருவர் கெட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டிலும் பெண்கள் சோற்றை மூடி வைத்துவிட்டுப் பட்டினி கிடந்தோம்.

ஒரு சாயந்திரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாமா எதிரில் உட்கார வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சாவதென்றால் சொல்லிவிட்டுச் சாகுங்கள், நாங்களாவது நிம்மதியாகச் சோறு தின்கிறோம் என்றேன். அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். சொல்லக் கூடாத வார்த்தைதான். ஆனால் அதுதான் அப்பாவை உலுக்கியது.

அப்பா மாமாவைப் பார்த்து மெதுவாகப் பேசினார். இரண்டு ஷாப்டில் ஒரே அளவு தண்ணீர் ஊறினாலும் இரண்டிலும் பம்ப் ஒரே வேகத்தில் இறைக்குமா, வேகமான பம்ப் இருக்கிற இடத்தில் தரை காய்ந்து கிடக்கும், மெதுவான பம்ப் இருக்கிற இடத்தில் தண்ணீர் ஏறும், அந்தம்மா சொன்னது அதுதான் என்றார். மாமாவின் முகம் மாறாததைப் பார்த்து வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"மச்சான், மெஷின் பாரத்த யாரு தூக்கினது?"

"நான்தான்."

"ராடு புடிச்சது?"

"நீதான். இன்னா இப்போ?"

"இருவது வருசம் நீ தூக்கினே, நான் புடிச்சேன். ஒரு நாளாவது, பாரத்துல பாதி வாங்கிக்கடான்னு கேட்டியா நீ? நான்தான் வெறுங்கையா நிக்கிறோமேன்னு வெக்கப்பட்டேனா? ரெண்டு பேரும் ஒரே வேலயா செஞ்சோம்? ஓட்ட ஒண்ணுதான போட்டோம்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோளில் மெஷின் உராய்ந்து காய்த்துப்போன இடத்தில் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டார். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"இந்தப் பாரம் எனக்கு," என்றார் அப்பா. "இதுல மூணு நான் தூக்குறேன். நீ ராடு புடி."

வீட்டுக்கு வந்து அப்பா, நாளைக்கே டாக்டரம்மாவிடம் போய், நிறுத்திவிட்டேன் என்று உண்மையைச் சொல்லலாம் என்றார். மறுநாள் தற்செயலாகச் சனிக்கிழமைதான். டாக்டரம்மா மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்து, சில வாரத்தில் படிப்படியாக மூன்றுக்கு ஏற்றிவிட்டார்.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று, சாப்பாடு முடிந்து மாத்திரை போட்டதும், அப்பா தண்ணீர்ச் செம்பின் அடியால் சுவரில் தட்டினார். மூன்று தட்டு. குழாயில் தட்டின அதே இடைவெளி. அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அம்மா சாப்பிட்ட தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் தட்டினார். சத்தம் இல்லை. விளக்கு வைத்ததிலிருந்து நான் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் அப்பா தட்டிவிட்டு, செம்பைக் கீழே வைத்துவிட்டு, படுக்கையை உதறப் போனார். அப்போது சுவரில் ஒரே ஒரு தட்டு கேட்டது. அத்தை பிறகு சொன்னாள், பாக்குவெட்டியை அவரே எடுத்து அவரே நறுக்கினாராம். அப்பா உதறின பாயைக் கையில் பிடித்தபடியே நின்று, "புடிச்சிட்டான்" என்றார். அன்றைக்கு அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு பேரும் மறுபடி வேலைக்குப் போனார்கள், பூமிக்கடியில் இல்லை, மேலேயே ஸ்டோரில் லைட் டூட்டி. அடுத்தடுத்த வருஷங்களில் டாக்டரம்மா அளவைக் குறைத்துப் பார்த்தார், நிறுத்தியும் பார்த்தார். மைனை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் திரும்ப வந்தது, திரும்ப ஆரம்பித்தார்கள். மாமா தவறாமல் போட்டார். ஆனால் அந்த அரை மாத்திரை அவரை உறுத்திக்கொண்டேதான் இருந்தது. யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவார். டீக்கடையில் ஒருத்தன் விளையாட்டாக, இவ்வளவு பெரிய உடம்புக்கு அரையா என்று கேட்டுவிட்டான். மாமா அதற்கப்புறம் அந்தக் கடைக்குப் போகவில்லை. ஊரில் தன்னைப் போல இன்னொரு உடம்பு இருக்காது என்று அவருக்கு எண்ணம்.

எனக்குக் கல்யாணமாகிப் பெங்களூர் போனேன். மைனை மூடிய வருஷம், ஐந்து மாதக் கர்ப்பம் கலைந்து அம்மா வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதத்தில் திரும்பிப் போவதாக இருந்தேன். போக முடியவில்லை. எழுந்து பல் தேய்ப்பதே பெரிய மலையாக இருந்தது. கோபம்கூட வரவில்லை, அதைப் பார்த்துத்தான் அம்மா பயந்தாள். அப்பாதான் என்னை அதே கிளினிக்குக்கு, அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். டாக்டரம்மாவுக்கு முன்தலை நரைத்திருந்தது. அதே மஞ்சள் மாத்திரை, ஒன்று.

அப்பா மகள்தானே, எனக்கும் மூன்று வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டது. பகல் ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் தரை சாய்ந்தது. தலை பின்னப் போனால் விரல் நடுங்கிப் பின்னல் நழுவியது. யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கொண்டேன். மருந்துகூட என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி ஒன்றும் ஆகாது என்று ஒரு பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தலையணை உறைக்குள் இருந்த காலி அட்டைகள் ஞாபகம் வந்தன. சனிக்கிழமை போய் டாக்டரம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், உன் மாமாவுக்கு ரத்த சொந்தமா நீ என்றார். ஒன்று என்று எழுதியிருந்ததை அடித்து அரை என்று எழுதினார்.

அன்று சாயந்திரம் அம்மா, அத்தை வீட்டுப் பாக்குவெட்டியை வாங்கி வந்து நறுக்கினாள். அப்பா தன்னுடையதைப் போட்டுக்கொண்டு மூன்று தட்டினார். அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு வந்தது. நான் என் பாதியை விழுங்கினேன். கை நடுக்கத்தோடே செம்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

அந்தப் பக்கம் ஸ்டூல் நகரும் சத்தம். வாசல் இருண்டது, தலையைக் குனிந்து, தோளைச் சாய்த்து மாமா உள்ளே வந்தார். அப்பாவைப் பார்த்தார், என் கையில் இருந்த செம்பைப் பார்த்தார்.

"யாரு ஒண்ணு தட்டினது?"

"நான்தான் மாமா."

"அரையா?"

"அரைதான்."

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்கார அவருக்கு வெகுநேரம் ஆகும், முட்டி மடங்காது. உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டிருந்த என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இத்தினி வருசமா," என்றார், "நான் ஒருத்தன்தான்னு நெனச்சினு இருந்தேன்மா."